தண்ணீர் குடிக்க இன்னோர் ஆள்

சிறுநீர்த் தொற்றோடு வார்டுக்கு வரும் பெண்களிடம் பதினாறு வருடங்களாக ஒன்றையே சொல்லிவருகிறேன்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். எனக்கே அந்தத் தொற்று நான்கு முறை வந்திருக்கிறது. எங்கள் வார்டு செவிலியர்களில் யாருக்கு வரவில்லை என்று கேட்டால்தான் கணக்குச் சுலபம்.

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் மருத்துவமனையில். நைட் டியூட்டி இரவு 8 முதல் காலை 8 வரை. 22 படுக்கைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி நோயாளியை ஐ.சி.யூ.வுக்கு அழைத்துப்போனால் மிச்சம் ஒருத்தி. ஒரு படுக்கையில் ட்ரிப்ஸ் முடியப்போகும், இன்னொன்றில் ஊசி போடும் நேரம் வந்திருக்கும், மூன்றாவதில் மூச்சுத்திணறல். எங்களுக்கான கழிப்பறையோ கீழ்த்தளத்தில். போய்வரும் பத்து நிமிடம் வார்டை யாரிடம் விடுவது? அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். மாதவிடாய் நாட்களில் ஒரே நாப்கினோடு விடிந்துவிடும். கொண்டுவந்த சாப்பாட்டை எந்த நேரத்தில் திறப்போம் என்று தெரியாது. டீயும் பிஸ்கட்டுமே பல நாள் இரவுச் சாப்பாடு.

வீட்டில் வேறு கணக்கு. என் கணவரும் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்தான். அவர் பகலில் தூங்கினால் வீட்டில் மிக்ஸி ஓடாது. நான் தூங்க வேண்டிய நேரத்தில் ஓடும், ஓட்டுவதே நான்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் இரவு ஷிஃப்ட் வேலையை, மனிதருக்குப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது. எங்களுக்குக் கிடைப்பதோ அறிவுரைதான். ஒரு மே 12, செவிலியர் தினத்தன்று, நைட் டியூட்டி முடித்தவர்களையும் உட்காரவைத்து உடல்நலம் பற்றிப் பேசினார்கள். பழம் சாப்பிடுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார் வந்திருந்த அம்மா. பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார்: “மேடம், ராத்திரி முழுக்க நடந்துட்டுதான் வர்றோம். இன்னொரு ஸ்டாஃப் போடச் சொல்லுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நிர்வாகத்தார் கேக் வெட்டினார்கள்.

அந்த அக்கா கேட்டது நடக்காத காரியமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் செவிலியர் சங்கம் போராடி 1999இல் சட்டம் கொண்டுவந்தது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் தரக் கூடாது. தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை கால்வலி அவரவர் பாடாக இருந்தது.

எங்களைத் தேவதைகள் என்கிறார்கள். தேவதைக்குப் பசிக்காது, சிறுநீர் வராது, தூக்கமும் வேண்டாம். சம்பளப் பட்டியலுக்கு அது வசதி. எங்களுக்கு உடம்பு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வழியும் தெரியும், அதைத்தான் படித்திருக்கிறோம். நைட் டியூட்டி அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.