கூரையில் ஒரு ஜன்னல்

பெட்டியைத் திறந்ததும் கை நேராக உடற்பகுதிக்குத்தான் போனது. இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டு வெளிர்சாம்பல் துண்டுகள். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து இன்னும் நறுக்கி எடுக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வரிசையாக ஜன்னல் ஓட்டைகள், எல்லாமே முட்டை வடிவம். பக்கத்தில் கிடந்த டெகால் தாளில் பதிவெழுத்து ஜி-ஏஎல்ஒய்பி. அந்த ஜன்னலும் அந்த எழுத்தும் ஒரே விமானத்தில் சேர்ந்து இருந்ததே இல்லை.

விமானம் டி ஹாவிலண்ட் காமெட் 1. மாடல் கிட் 1/144 அளவு, புதிய அச்சில் வார்த்தது. தயாரிப்பாளரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சிறிய பட்டறை, அக்கறையோடு செய்திருக்கிறார்கள். அக்கறையோடு செய்தவர்கள் எப்படி இந்த இடத்தில் தவறினார்கள் என்ற கேள்விதான் என்னைப் பல நாள் பழைய படங்களுக்குள்ளும் ஒரு விசாரணை அறிக்கைக்குள்ளும் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் கிட்டுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். 1/144 என்றால் 12 அடி ஒரு அங்குலமாகச் சுருங்குகிறது. காமெட் 1-இன் இறக்கை விரிப்பு 115 அடி. கிட்டில் அது 243 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் அதையேதான் காட்டியது. 93 அடி நீளம் 197 மில்லிமீட்டர் ஆக வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைவு, அது ஒரு பொருட்டல்ல. பேனல் கோடுகள் கொஞ்சம் ஆழம், பிரைமர் இரண்டு கை அடித்தால் அடங்கிவிடும். சக்கரங்கள் பக்கத்துக்கு நான்காக, சரியாக இருக்கின்றன. முதல் மாதிரி விமானம் பக்கத்துக்கு ஒரே பெரிய சக்கரத்தோடு பறந்தது. பயணிகளை ஏற்றிய விமானங்கள் நான்கு சக்கரங்களோடு வந்தன.

காமெட்டின் அழகு முழுவதும் இறக்கையின் அடிப்பகுதியில் இருக்கிறது. நான்கு கோஸ்ட் என்ஜின்களும் இறக்கைக்குள்ளேயே புதைந்திருக்கும். வெளியே தொங்குவது ஒன்றுமில்லை. முன்னாலிருந்து பார்த்தால், உடலோடு ஒட்டி இரண்டிரண்டாக நீள்வட்ட வாய்கள் மட்டும் தெரியும். பின்னால் வந்த காமெட் 4-இல் ஏவான் என்ஜின்கள் அமர்ந்ததால் அந்த வாய்கள் பெருத்துவிட்டன. இந்த கிட்டில் அவை அளவாக, உதடு மெலிந்து, உட்புறக் குழலோடு வந்திருக்கின்றன. இதற்காகவே வாங்கலாம்.

இப்படியொரு கிட்டுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960-களில் இதே 1/144 அளவில் ஒரு காமெட் கொண்டுவந்தது. ஆனால் அது 4பி. 118 அடி நீளம், குறுகிய இறக்கை. அதை வெட்டிக் காமெட் 1 ஆக்க முயன்றால் உடலில் மட்டும் 5 சென்டிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டும், இறக்கையை நீட்ட வேண்டும், என்ஜின் வாய்களைப் புதிதாகச் செதுக்க வேண்டும். ரம்பமும் பட்டியும் உப்புத்தாளுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்தாலும் இறக்கை அடியில் அந்த வளைவு வராது.

ஜி-ஏஎல்ஒய்பி என்பது சாதாரண எழுத்தும் அல்ல. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து கிளம்பி, ரோம், பெய்ரூட், கார்ட்டூம், என்டெபி, லிவிங்ஸ்டன் வழியாக ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்த விமானம் அது. கட்டணம் கொடுத்த பயணிகளோடு உலகில் நடந்த முதல் ஜெட் விமானச் சேவை. கடைசி இரண்டு எழுத்துகளை வைத்து, அன்றைய ஒலிப்பு முறைப்படி பிரிட்டிஷ் விமானிகள் அதை யோக் பீட்டர் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 முதல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் காமெட்டுகள் கொழும்புக்கும் பறந்தன, அக்டோபரில் சிங்கப்பூர். அந்த நாளில் அவற்றில் ஏறியவர்கள் சாய்ந்து பார்த்த ஜன்னல், மூலைகள் மட்டும் லேசாக மழுங்கிய செவ்வகம். 1952-ஆம் ஆண்டு எடுத்த படங்களில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது.

அப்படியானால் முட்டை வடிவம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் கோஸ்ஃபோர்டில் இருக்கிற ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு காமெட் 1 முழு உடலோடு, இறக்கையோடு நிற்கிறது. வெள்ளைக் கூரை, நீலப் பட்டை, பி.ஓ.ஏ.சி. வண்ணம். புதிய கிட் வடிவமைக்கிற எவரும் அளவுநாடாவோடும் கேமராவோடும் முதலில் போய் நிற்கக்கூடிய இடம் அதுதான். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் முட்டை வடிவ ஜன்னல்கள்.

அந்த விமானத்தின் பூர்வீகம் வேறு. ஏர் பிரான்சுக்காக எஃப்-பிஜிஎன்இசட் என்ற எழுத்தோடு கட்டப்பட்ட காமெட் 1ஏ அது. 1954 விபத்துகளுக்குப் பிறகு உடற்பகுதியை வலுப்படுத்தி, ஜன்னல்களை மாற்றி அமைத்துக் காமெட் 1எக்ஸ்பி ஆக்கினார்கள். அப்படி மாற்றியவை நான்கே நான்கு. ஜி-ஏபிஏஎஸ் என்று பதிவெழுத்து மாறியது, பிறகு ராணுவ எண் ஏறியது, கடைசியில் அருங்காட்சியகத்துக்கு வந்து பி.ஓ.ஏ.சி. வண்ணம் பூசிக்கொண்டது. யோக் பீட்டர் கடலில் விழுந்த பிறகு, அதிலிருந்து கற்ற பாடத்தால் வந்த ஜன்னலை, யோக் பீட்டரின் முதல் பயணத்து உடலில் பொருத்தியிருக்கிறது இந்த கிட். பட்டறைக்காரர்கள் வேலையில் சோம்பல் தெரியவில்லை. என் கணிப்பில், கண்முன் நின்ற ஒரே முழு விமானத்தை நம்பிவிட்டார்கள். நானும் நம்பியிருப்பேன்.

மூல வடிவ ஜன்னலோடு பிழைத்திருக்கும் காமெட் உடற்பகுதி ஒன்றே ஒன்று. லண்டன் கோல்னியில் உள்ள டி ஹாவிலண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் ஏர் பிரான்சின் விமானம்தான், எஃப்-பிஜிஎன்எக்ஸ். இறக்கை கிடையாது, என்ஜின் கிடையாது, வெறும் உடல். கோஸ்ஃபோர்டில் நிற்பதோடு இதை ஒப்பிட்டால் கிட்டின் பிழை ஒரு நொடியில் புரிந்துவிடும்.

இங்கேயே தேடல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜன்னலை ஏன் மாற்றினார்கள் என்று எழுத உட்கார்ந்தபோது, எல்லோரும் சொல்கிற பதிலை நானும் எழுதப் பார்த்தேன்: ஜன்னல் சதுரம், மூலையில் விரிசல், விமானம் பிளந்தது. பள்ளிக்கூடத்து அறிவியல் உதாரணம்வரை பரவிய வாக்கியம். எழுதுமுன் 1955-இல் வெளியான விசாரணை அறிக்கையைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

விபத்துகளின் வரிசை நெஞ்சை அடைக்கும். 1953 மார்ச் 3, கராச்சியில் தரையைவிட்டு எழும்ப முடியாமல் கனடிய நிறுவனத்தின் காமெட், 11 பேர் பலி. அதே ஆண்டு மே 2, முதல் சேவையின் சரியான ஓராண்டு நிறைவில், கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து டில்லிக்குக் கிளம்பிய காமெட் சில நிமிடங்களில் இடிமழைக்குள் சிதறியது, 43 பேர். 1954 ஜனவரி 10, ரோமிலிருந்து ஏறிய யோக் பீட்டர் எல்பா தீவுக்கு அருகே கடலில், 35 பேர். பறப்பதை நிறுத்தி, சில மாற்றங்கள் செய்து, மார்ச் 23-இல் மீண்டும் பறக்கவிட்டார்கள். பதினாறே நாளில், ஏப்ரல் 8 அன்று, நேப்பிள்ஸுக்குத் தெற்கே இன்னொன்று, 21 பேர். காமெட்டின் பறப்புச் சான்றிதழ் ரத்தானது.

ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஆர்னல்ட் ஹால் தலைமையில் நடந்த துப்பறிதலைப் படிக்கப் படிக்க, மாடல் செய்கிற எவருக்கும் உடல் சிலிர்க்கும். விடைக்குப் போகும் வழியில் அவர்களும் மாடல்களைத்தான் செய்தார்கள். நடுவானில் துண்டு துண்டாகப் பிரியும்படி சிறு மர விமானங்களைச் செய்து பறக்கவிட்டு, எந்தத் துண்டு எங்கே விழுகிறது என்று குறித்தார்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் ஒளி ஊடுருவும் பெர்ஸ்பெக்ஸில் பயணிகள் அறையைச் செய்து, உள்ளே குட்டி இருக்கைகளும் பொம்மை மனிதர்களும் வைத்து, காற்றழுத்தம் ஏற்றி வெடிக்கவிட்டு, அதிவேகக் கேமராவில் பதிந்தார்கள். பொம்மைகள் கூரையில் போய் மோதின. எல்பாவில் கிடைத்த உடல்களைப் பரிசோதித்த பீசா நகர மருத்துவர் அந்தோனியோ ஃபோர்னாரி, நுரையீரல் கிழிந்திருந்ததையும் மண்டையோடு உடைந்திருந்ததையும் குறித்திருந்தார். அந்தச் சிறு மாடல் அதற்குக் காரணம் காட்டியது.

பிறகு தண்ணீர்த் தொட்டி. ஜி-ஏஎல்ஒய்யு என்ற நிஜக் காமெட்டின் உடலை மாபெரும் தொட்டிக்குள் வைத்தார்கள். இறக்கைகள் இரண்டும் வெளியே நீண்டிருந்தன. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர். உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்குவது ஒரு பயணத்துக்குச் சமம். காற்றை அடைத்தால் உடைகிறபோது வெடிகுண்டு மாதிரி எல்லாம் பறந்துவிடும். தண்ணீர் அமுங்காது என்பதால் உடைந்த இடம் உடைந்தபடியே நிற்கும். 1954 ஜூன் 24. ஏற்கெனவே பறந்த 1,221 பயணங்களோடு தொட்டியில் 1,836 சேர்ந்து, 3,057-ஆவது சுற்றில் உடல் பிளந்தது. தொடங்கிய இடம், இடப்பக்க முன் அவசர வழியின் வெட்டுமூலை.

ஆக, பக்கவாட்டு வெட்டுகளின் மூலைகளில் கணக்கிட்டதைவிட அதிகத் தகைவு இருந்தது உண்மை. ஆனால் தொட்டியில் உடைந்தது யோக் பீட்டர் அல்ல. எல்பா கடலடியிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை நீரடித் தொலைக்காட்சிக் கேமரா வைத்துத் தேடி எடுத்த துண்டுகளில், கூரைத் தகடு ஒன்று பின்னர் கிடைத்தது. யோக் பீட்டரின் முதல் விரிசல் அதில் இருந்தது. கூரையின் நடுக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வெட்டுகள். பின்னால் இருந்ததன் மூலையில், ஒரு போல்ட் துளையை ஒட்டி உலோகம் களைத்துப்போய்க் கீறியிருந்தது. திசைகாட்டும் ரேடியோவின் ஏரியலுக்காக வெட்டிய துளைகள் அவை. ரேடியோ அலை நுழைய வேண்டும் என்பதால் அலுமினியத்தை வெட்டி வேறு பலகையால் மூடியிருந்தார்கள். பயணி எவரும் அதன் வழியே எதையும் பார்த்ததில்லை.

அறிக்கையில் அவற்றுக்குப் பெயர் என்ன தெரியுமா? ஜன்னல். ஏடிஎஃப் ஜன்னல்கள், அதாவது அந்தத் திசைகாட்டும் ரேடியோவின் ஜன்னல்கள். ரேடியோ அலைக்கான திறப்பைப் பொறியாளர்கள் ஜன்னல் என்று சொல்வது வழக்கம். அந்த ஒரு சொல் அறிக்கையைவிட்டு வெளியே வந்து, வாய்மாறிக் கைமாறி, பயணி சாய்ந்து உட்காரும் பக்கவாட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். தொட்டியில் உடைந்த அவசர வழியும் அதன் கூடச் சேர்ந்துகொண்டது. அந்தக் கூரைத் துண்டு லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தாலே அந்த மூலைகள் தெரியும்.

இன்னொன்றும் அறிக்கையில் தெரிய வந்தது. டி ஹாவிலண்ட் சோதிக்காமல் விடவில்லை. உடற்பகுதியின் மாதிரி ஒன்றை 18,000 முறை அழுத்தம் ஏற்றி இறக்கிய பிறகே அது தோற்றது. ஆனால் அதே மாதிரியை முன்னதாக ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தில் சோதித்திருந்தார்கள். அந்த அழுத்தத்தில் மூலைகளின் உலோகம் சற்று இழுபட்டு, பின்னால் வரும் களைப்பைத் தாங்கும்படி மாறிவிட்டது. சோதனைத் துண்டுக்குக் கிடைத்த அந்த வலு பறந்த விமானங்களுக்குக் கிடைக்கவில்லை. யோக் பீட்டர் 1,290 அழுத்தப் பயணங்களில் போனது. நேப்பிள்ஸ் அருகே விழுந்தது சுமார் 900.

கிட்டுக்குத் திரும்புகிறேன். உடற்பகுதியின் பிளாஸ்டிக் சுவரை அளந்தேன்: 1 மில்லிமீட்டர். நிஜக் காமெட்டின் தகடு பல இடங்களில் 0.7 மில்லிமீட்டர்தான். 144 மடங்கு சிறிய பொம்மையின் தோல் அசலைவிடத் தடிமன். 40,000 அடியில் பறந்துகொண்டே உள்ளே 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தத்தை அடக்கிக்கொண்டிருந்த தோல் அது. ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 8¼ பவுண்டு வெளியே தள்ளும்.

முட்டை ஜன்னல்களைத் திருத்துவது கடினமல்ல. உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டி, வெளியே பட்டி வைத்து அடைத்து, நன்றாகக் காய்ந்ததும் 600, 1000, 2000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றி ஈரத்தோடு தேய்க்க வேண்டும். அதன்மேல் மழுங்கிய செவ்வக டெகால். மாற்ற மனமில்லாதவர்கள் யோக் பீட்டரின் எழுத்தை விட்டுவிட்டு ஜி-ஏபிஏஎஸ் என்று எழுதிக்கொள்ளட்டும். கோஸ்ஃபோர்டில் நிற்கும் விமானமாக இந்த கிட் ஏறக்குறைய குறையே இல்லாதது. பட்டறைக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். அடுத்த வார்ப்பில் ஜன்னலை அடைத்து, இரண்டு வடிவத்துக்கும் டெகால் கொடுத்தால் போதும்.

இரு பாதிகளையும் ஒட்டியாயிற்று. முதுகில் ஓடிய ஒட்டுக்கோட்டை இரண்டு மாலை தேய்த்து மறைத்தேன். கூரை இப்போது வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. கிட்டின் வழிகாட்டித் தாளில் அங்கே எதுவும் காட்டவில்லை. லண்டன் துண்டின் படத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, பென்சிலால் நடுக்கோடு இழுத்து, இரண்டு சின்னச் செவ்வகங்களைக் குறித்திருக்கிறேன். ஊசியை எடுத்து முதலில் பின்னால் இருப்பதைக் கீறத் தொடங்கினேன்.