கைத்தட்டலே தாளம்

அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறினால் வழியெங்கும் கரிசல் காடும் சீமைக்கருவேலமும்தான். மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் போடும் பூமி. ஆனால், பாட்டுக்குப் பஞ்சமில்லை.

அம்மன் கோயில் பொங்கல் வந்தால் இந்த வட்டாரத்தில் முளைப்பாரி போடுவார்கள். ஓட்டில் மண்ணும் எருவும் பரப்பி, நவதானியம் தூவி, வெயில் படாத அறையில் வைப்பார்கள். பயிர் வளரும் ராத்திரிகளில் பெண்கள் வட்டமாக நின்று கும்மியடிப்பார்கள். வாத்தியம் கிடையாது, கைத்தட்டல்தான் தாளம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அம்மாவிடம் கேட்டதும், வாக்கப்பட்டு வந்த ஊரில் கற்றதும் கலக்கும். மழை தப்பிய வருஷம் அதுவும் ஒரு வரியாகிவிடும்.

பக்கத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணரும் சேர்ந்து பாடத்தான் பாட்டுக் கட்டினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர். திருவண்ணாமலையில் பிட்சைக்குப் போன அன்பர்கள், வழியில் பாட ஒரு பாட்டுக் கேட்டார்கள். அப்படிப் பிறந்த 'அருணாசல அட்சரமணமாலை'யில் 108 கண்ணிகள்.

அது அச்சில் இருக்கிறது. கும்மிப் பாட்டுகளில் பலவும் பாடுகிறவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. ஸ்பீக்கர் செட் அலறினால் அவர்கள் குரல் அடங்கிவிடும். பொங்கல் சமயம் இந்தப் பக்கம் போனால் ஒரு ராத்திரி தங்குங்கள். கூடவே பிள்ளைகளையும் வட்டத்தில் நிறுத்துங்கள்.