இரண்டு அணி வீடு

1984 டிசம்பரில் எங்கள் வீட்டில் இரண்டு அணிகள் இருந்தன. தாத்தா இந்தியா, நான் சிங்கப்பூர். அப்பா எந்தப் பக்கமும் சேரமாட்டார். இரண்டு பேரையும் சீண்டுவதற்கென்றே நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டாவது ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி எங்கள் ஊருக்கே வந்திருந்தது. பத்து நாடுகள், எல்லா ஆட்டங்களும் காலாங் தேசிய விளையாட்டரங்கில். பள்ளி விடுமுறை வேறு.

போட்டியை நடத்தும் நாடு என்பதால் சிங்கப்பூருக்கு இடம் கிடைத்தது. இந்தியா கல்கத்தாவில் தகுதிச் சுற்று ஆடி வந்தது. இரண்டையும் ஒரே பிரிவில் போட்டார்கள். கூடவே சீனா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். ஊரை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும், சட்டைப்பையில் சிங்கப்பூர் அடையாள அட்டை இருந்தும், காற்பந்து என்று வந்துவிட்டால் மன்னார்குடிக்காரர்.

“அறுபத்தி நாலுல நாமதான் ரெண்டாவது, தெரியுமாடா?” என்று ஆரம்பிப்பார்.

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். 1956இல் ஹாங்காங்கில் நான்கே நான்கு அணிகளோடு தொடங்கிய போட்டி அது. முதல் இரண்டு முறையும் தென்கொரியா வென்றது. மூன்றாவது முறை, 1964இல், இஸ்ரேலில் நடந்தது. இறுதி ஆட்டம் என்று தனியாக எதுவும் கிடையாது. நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோத, அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கிண்ணம். இந்தியா தென்கொரியாவை 2-0 என வீழ்த்தியது, ஹாங்காங்கை 3-1. இஸ்ரேலிடம் மட்டும் 0-2. இந்தர் சிங் இரண்டு கோல் போட்டார். அந்தப் பெயரைச் சொல்லும்போது தாத்தா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார்.

“தகுதிச் சுற்றுல மத்தவங்க எல்லாம் விலகிட்டாங்க. ஒரு ஆட்டம்கூட ஆடாம நேரா போய் இறங்கினீங்க” என்பார் அப்பா, நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கொரியாக்காரன அடிச்சோமே, அவன் என்ன விலகிட்டா நின்னான்?”

இஸ்ரேல் எப்படி ஆசியாவில் ஆடியது என்று நான் கேட்டதற்கு அப்பாதான் பதில் சொன்னார். அப்போது அதுவும் ஆசியச் சம்மேளனத்தில்தான் இருந்தது, அதோடு ஆட மறுத்த நாடுகள் பல, 1974இல் வெளியேற்றிவிட்டார்கள். அதற்குள் ஈரானின் காலம் வந்துவிட்டது. 1968, 1972, 1976 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றது. 1980இல் குவைத். எனக்குப் புவியியல் பாடம் ஏறியதே இப்படித்தான். பள்ளி வரைபடத்தில் வெறும் நிறமாக இருந்த நாடுகளெல்லாம் அந்த டிசம்பரில் காலை உதறிக்கொண்டு காலாங் புல்தரையில் ஓடின.

காலாங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். 55,000 பேர் உட்காரும் அரங்கு. அதன் இரைச்சலுக்கு ‘காலாங் ரோர்’ என்று பெயரே உண்டு. 1982இலிருந்து சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தில் ஆடாததால் அந்தக் குரல் சில வருடங்களாக அடைத்துக் கிடந்தது. எம்ஆர்டி ரயில் இன்னும் வராத காலம். பேருந்தில் நெருக்கியடித்துப் போய் இறங்கினோம். காகிதக் கூம்பில் சுடச்சுடக் கச்சாங் பூத்தே கடலை. நடுவர் பிடிக்காத விசிலை ஊதினால் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பாகுபாடில்லாமல் எல்லார் வாயிலும் ஒரே கூச்சல்: “ரெஃப்ரி காயு!” மரக்கட்டை என்று திட்டுகிறார்கள். தாத்தாவும் கத்தினார், ஆனால் எதிர்ப்பக்கத்துக்காக.

சிங்கப்பூர் இந்தியாவை 2-0 என்று வென்றது. முன்வரிசைக்காரர் தோளில் தட்டித் தட்டி நான் குதித்தேன்.

“புல்லு ஈரம். நம்ம பசங்களுக்குப் பழக்கமில்ல” என்றார் தாத்தா.

“புல்லு ரெண்டு பேருக்கும் ஒன்னுதானேப்பா” என்றார் அப்பா.

இந்தச் சண்டை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அதே தாழ்வாரத்தில் இரண்டு கதவு தள்ளி இருந்த சீனப் பெரியவர் சீன அணிக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் என் கூட்டாளி, சிங்கப்பூர்க் கட்சி. சீனா எங்களை 2-0 என்று தோற்கடித்த மறுநாள் அவன் தாத்தாவோடு பேசவில்லை. எங்கள் தாத்தாவும் அந்தப் பெரியவரும் மட்டும் கீழ்த்தளத்துக் கல்மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, பாதி மலாயிலும் பாதி சைகையிலுமாக, பேரன்களைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார்கள்.

அந்த நாட்களில்தான் போபாலிலிருந்து விஷவாயுக் கசிவுச் செய்தி வந்தது. இந்திரா காந்தி சுடப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தாத்தா விளையாட்டுப் பக்கம் போகாமல் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். அப்பாவும் அன்று எதையும் கிளறவில்லை.

இந்தியா அந்தப் போட்டியில் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆனாலும் ஈரானோடு 0-0. மூன்று முறை கிண்ணம் தூக்கியவர்களை ஒரு கோலும் அடிக்க விடாமல் நிறுத்திய அந்த ஆட்டத்தைத் தாத்தா வென்ற கணக்கில்தான் சேர்த்தார். சிங்கப்பூரும் ஈரானோடு 1-1. இரண்டு அணியும் பிரிவுச் சுற்றோடு வெளியேறின. ஆனால் ‘ஈரானால் நம் இரண்டு பேரையும் ஜெயிக்க முடியவில்லை’ என்ற விஷயத்தில் எனக்கும் தாத்தாவுக்கும் முதல்முறையாக ஒத்துப்போனது. இறுதி ஆட்டத்தில், முதல்முறையாக ஆட வந்திருந்த சவூதி அரேபியா 2-0 என்று சீனாவை வென்றது. இரண்டாவது கோல் மஜீத் அப்துல்லா போட்டது. என் கூட்டாளி அன்று கடைசி நிமிடம்வரை சீனாவுக்காகக் கத்தினான். கேட்டால் இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இந்தியா மறுபடி இந்தப் போட்டியில் ஆட 2011 ஆனது. அந்த முறை பஹ்ரைனுக்கு எதிராக கௌரமாங்கி சிங் போட்டதுதான் 1964க்குப் பிறகு ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவின் முதல் கோல். தாத்தா அதைப் பார்க்க இல்லை. பழைய காலாங் அரங்கை அதற்குள் இடித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் சொந்தக் காலில் தகுதி பெற 2025 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. வழியில் கோவாவில் இந்தியாவை 2-1 என்று வென்றது. கோவாவில் புல் எப்படி இருந்தது என்று அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.