இசை நாடகத்திற்கு எந்த இருக்கை?

கோவை நகருக்கு வரும் விருந்தினர், மணிக்கூண்டையும் ஒப்பணக்கார வீதியின் ஜவுளிக் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நகரமண்டபத்தை ஒட்டி நீளும் ஒரு சாலையின் பெயரை அவர்கள் கவனிப்பதில்லை. வெரைட்டி ஹால் ரோடு என்பது அதன் பெயர். கோவையில் பிறந்து, ரயில்வேயில் பணியாற்றி, 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-இல் இங்கே எழுப்பிய நிரந்தரக் கொட்டகையின் பெயரே வீதிக்கு நிலைத்தது. பிற்காலத்தில் அது டிலைட் என்ற பெயரால் அறியப்பட்டது.

படக்கொட்டகைக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. படத்திற்குத் திரையின் அருகே உள்ள தரை மிக மலிவு. பின்னால் போகப் போக விலை கூடும். நாடகத்திலோ பெரும்பாலும் இது தலைகீழ். மேடையை ஒட்டிய சோபாவும் நாற்காலியும் செல்வர்க்கு. பெஞ்சும் தரையும் எளியவர்க்கு. முகம் பார்க்கவும் குரல் கேட்கவும் அருகாமைக்கே விலை.

ஆயினும் விலை கொடுத்தவனுக்கு மட்டுமே பாட்டு கேட்டது என்று எண்ணிவிட வேண்டாம். ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் இருப்புப்பாதையில், காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. 1908-இல் அங்கே பிறந்து, வறுமையினால் சிறுமியாக ரயில் வண்டிகளில் பாடிய கே.பி. சுந்தராம்பாள், பின்னர் தமிழ் நாடக மேடையின் தலைசிறந்த குரலாக விளங்கினார். அவருடன் இணைந்து நடித்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இளவயதிலேயே மறைந்தார். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில் இவ்விருவரும் உச்சத்தில் நின்று பாடியதற்கு வித்துவச் செருக்கு மட்டும் காரணமன்று. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்த உழவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும் என்ற தேவையும் இருந்தது. இருக்கையின் குறையை நடிகர் தம் தொண்டையால் ஈடுசெய்தார் எனலாம்.

இன்று நிலைமை வேறு. நடிகர் மெல்லப் பேசினாலும் ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கித் தருகிறது. ஆகவே நல்ல இடத்தைத் தேடும் பொறுப்பு பார்ப்பவர் தலையில் விழுந்துவிட்டது. கோவையின் கல்லூரி அரங்குகளிலோ பள்ளிக் கலையரங்குகளிலோ இசை நாடகம் நடக்கும்போது, நுழைவுச்சீட்டு வாங்குமுன் சிலவற்றை மனத்தில் கொள்வது நல்லது.

முதல் இரண்டு வரிசைகள் பெருமைக்குரியவை, ஆனால் மேடை உயரமாக இருந்தால் ஆடுவோரின் பாதங்கள் தெரியா, கழுத்தும் வலிக்கும். ஓரத்து இருக்கைகளுக்கு வேறு குறை. தீட்டிய திரைச்சீலைகளும் காட்சித் தட்டிகளும் நடுவிலிருந்து பார்ப்பவருக்கென்றே அமைக்கப்படுபவை. ஓரத்திலிருந்து பார்த்தால் அரண்மனை கோணிப்போகும். திரைமறைவில் முறைக்குக் காத்திருக்கும் சேவகனும் தெரிவான். ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகே அமர்ந்தால், கண் முன்னே நடிகர் நிற்க, குரல் மட்டும் பெட்டியிலிருந்து வரும்.

இருபது வரிசைகள் உள்ள அரங்கில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை, நடுப்பகுதியே பொதுவாகச் சிறந்தது. ஒலியைச் சீர்செய்பவர் தம் கருவிகளுடன் பெரும்பாலும் அரங்கின் பின்பாதியில், நடுவில் அமர்ந்திருப்பார். தம் காதுக்கு இனிமையாக இருக்கும்படி அவர் அமைப்பதால், அவருக்கு முன்னால் உள்ள இருக்கைகளில் இசை நன்றாகக் கேட்கும். மாடி இருந்தால் அதன் முதல் வரிசை, கூட்டமாக ஆடும் காட்சிகளுக்கு ஏற்றது. ஆனால் மாடியின் அடியில், கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே ஒலி மங்கிவிடும். திறந்தவெளி மைதானமானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு, உதடு அசைந்து பத்தில் ஒரு விநாடி கழித்தே மேடையின் ஒலி வந்து சேரும்.

இவை யாவும் தனியாகச் செல்பவருக்கான கணக்கு. குடும்பத்துடன் செல்லும்போது கணக்கே மாறிவிடுகிறது. நம் ஊர்ப்புற நாடகங்களில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று இடம் பிரித்திருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். அதில் கண்ணியம் இருந்தது. ஆனால் மேடை எந்தப் பக்கம் நன்றாகத் தெரியும் என்று பெண்களிடம் கேட்டவர் எத்தனை பேர்? இன்றும் சீட்டு வாங்கி வரும் ஆண்மகன் நடுவில் அமர்ந்துகொள்ள, கைக்குழந்தையுடன் தாய் தூணருகே ஒதுங்குவதைக் காண்கிறோம். மூன்று மணி நேரமும் அவள் பார்ப்பது பாதி மேடைதான்.

காது மந்தமான உம்மாவை அழைத்துச் செல்கிறீர்களா? அவருக்கு நடிகரின் உதடசைவு தெரிய வேண்டும். மூன்றாவது, நான்காவது வரிசையே அவருக்கு நல்லது. நமக்குச் சற்று முன்னதாகத் தோன்றினாலும் பாதகமில்லை. முழங்கால் வலியுள்ள வாப்பாவிற்குப் படியேறாத நடைபாதை ஓரம் வேண்டும். மாலைக் காட்சியில் மஃரிப் தொழுகைக்கு எழ வேண்டியவர்களும் அங்கே அமர்ந்தால் பிறர் காலை மிதிக்காமல் சென்று வரலாம். சிறு பிள்ளைகளுக்கு முன்னால் உயரமானவர் அமர்ந்துவிட்டால் எந்த வரிசையும் பயனில்லை. முன்னே நடைவழி வரும் வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

1944-இல் ஈரோட்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் முயற்சியால் தமிழ் நாடகக் கலை மாநாடு கூடியது. இக்கலை வாழ வேண்டுமே என்ற கவலை அன்றே இருந்தது. கொங்கு நாட்டுப் பெரியவர்களில் பாட்டைக் கேட்டுக் கதையைச் சொல்லிவிடக் கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அரங்கிற்கு அழைத்து வந்து, கேளாத இடத்தில் அமர்த்திவிட்டால் அழைத்து வந்ததன் பலன் என்ன?

ஆகவே அரங்கின் வரைபடத்தைப் பார்க்குமுன், உடன் வருபவர் யார் யார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களுள் கண்ணோ காதோ காலோ தளர்ந்தவருக்கு உரிய இடத்தை முதலில் குறியுங்கள். மற்றவர்கள் அவருக்கு இருபுறமும் அமர்ந்துகொள்ளலாம்.