கயிற்றின் மறுமுனை

என் மனைவியின் தம்பிக்கு இப்போது முப்பது வயது. அவன் கார் ஓட்டுவதில்லை. ‘கயிறு கட்டி இழுத்த காரையே முட்டவிட்டவன்’ என்று எங்கள் குடும்பத்தில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான். கார் முட்டியதும் என்னால்தான். இரண்டையும் இன்று எழுதி வைக்கிறேன்.

நான் புதுப்பட்டினத்தில் வேன் ஓட்டுகிறவன். கல்பாக்கம் குடியிருப்புக் குடும்பங்களைத் திருக்கழுக்குன்றம் கோயிலுக்கும், வெளியூர்க்காரர்களை மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் அழைத்துப் போவது பிழைப்பு. தொழில் பழகியது பவர் ஸ்டீயரிங் இல்லாத அம்பாசடரில். நின்றுபோன வண்டிகளை எத்தனையோ முறை கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறேன். எனக்குத் தெரியாத வண்டி இல்லை என்று நம்பியிருந்தேன்.

2014ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூவத்தூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். என் வேனில் உறவினர்கள். பின்னால் மாமனார் தன் சின்னக் காரை ஓட்டி வந்தார். பக்கத்தில் மச்சினன். பாலாற்றுப் பாலம் தாண்டி வயலூர் அருகே கார் நின்றுவிட்டது. மாமனார் சொன்னார்: “கெளம்பும்போதே பேட்டரி லைட்டு எரிஞ்சுது மாப்ளே. இப்ப திடீர்னு ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம்தான் இன்ஜினும் நின்னுச்சு.”

நோய் என்ன என்பதை அவர் அந்த மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காது இல்லை.

அது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள கார். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எவ்வளவு பலமாகத் திருப்புகிறார் என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, மீதிப் பலத்தை ஒரு மோட்டார் தருகிறது. அந்த மோட்டாருக்கு வேண்டியது 12 வோல்ட் மின்சாரம். ஆல்டர்னேட்டர் வேலை செய்யாமல் பேட்டரி வடிந்துவிட்டால் மோட்டார் உதவாது. உதவாதது மட்டுமல்ல, ஓடாத மோட்டாரையும் அதன் பல்சக்கரத்தையும் சேர்த்தே கை சுழற்ற வேண்டும். பழைய வண்டிகளில் ஸ்டீயரிங்கை அதிகச் சுற்று சுற்ற வேண்டியிருக்கும். அதனால் கைக்குப் பாரம் குறைவு. மோட்டாரை நம்பிச் செய்த வண்டியில் சுற்று குறைவு, டயரும் அகலம். மோட்டார் செத்தால் அத்தனை பாரமும் கைக்கு வருகிறது.

பிரேக்கும் அப்படித்தான். இன்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டுதான் பூஸ்டர் மிதிக்குப் பலம் சேர்க்கிறது. இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்கு அது தாங்கும். பிறகு பெடல் கட்டையாகிவிடும்.

பிரேக் விஷயம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஸ்டீயரிங் விஷயம் தெரியவே தெரியாது. தெரிந்ததெல்லாம், சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் லாக் விழும் என்பதுதான். ‘சாவியை ஆன்ல வச்சிக்கோ, லாக் விழாது’ என்று மச்சினனிடம் சொன்னேன். அதோடு எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்தேன்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்குப் போன் போடலாம் என்றார் மாமனார். எனக்கு நான்கு மணிக்கு மாமல்லபுரத்தில் சவாரி இருந்தது. புதுப்பட்டினத்திலிருந்து மெக்கானிக் கடைப் பையன் ஒரு ஜம்பர் கேபிளோடு பைக்கில் வந்திருந்தால் இருபது நிமிடம். என் வேனின் பேட்டரியும் 12 வோல்ட்தான். அதிலிருந்து கொஞ்சம் சார்ஜ் ஏற்றியிருந்தால், கார் தன் காலிலேயே கடை வரையாவது வந்திருக்கலாம். அந்த இருபது நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. வேனில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்துக் கட்டினேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். லைசென்ஸ் உள்ள மாமனாரை, வெயிலாக இருக்கிறதென்று வேனில் உட்கார வைத்தேன். எல்எல்ஆர் மட்டும் வைத்திருந்த பத்தொன்பது வயதுப் பையனைக் காரில் உட்கார வைத்தேன். அப்போது நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளில் இழுவைக்கென்றே ஒரு விதி உண்டு. பின்வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இழுக்கப்படும் வண்டி என்று பின்னால் எழுதி வைக்க வேண்டும். பிழைப்புக்கே வண்டி ஓட்டும் நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை. நாற்பதில் போனேன்.

புறப்படும் முன் அவனிடம் சொன்னேன்: “ஏதாவதுன்னா ஆரன் அடி. நான் நிறுத்திடறேன்.”

பேட்டரி செத்த காரில் ஆரன் எப்படி அடிக்கும்? அதை நினைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச தூரத்தில் கயிற்று முடிச்சு அவிழ்ந்தது. இறங்கினேன். அவனும் இறங்கினான். சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் நனைந்திருந்தது. “ஸ்டீயரிங் திரும்பவே மாட்டேங்குது மாமா. பிரேக்கும் புடிக்கல” என்றான். சுற்றி உறவுக்காரர்கள். “பத்தொன்பது வயசுல இந்த பலம்கூட இல்லையாடா?” என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தான்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். அதுவரை நடந்ததை அறியாமை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நடந்ததை அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

புதுப்பட்டினத்தில் மெக்கானிக் கடைக்குப் போக மெயின்ரோட்டிலிருந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் வேகத்தைக் குறைத்தேன். கயிறு இழுக்கத்தான் உதவும், நிறுத்த உதவாது. கார் என் வேனின் முதுகை நோக்கி வந்தது. பெடல் இறங்கவில்லை. என் வேனில் மோதாமலிருக்க, அவன் உடம்பு முழுவதையும் கொடுத்து ஸ்டீயரிங்கில் தொங்கியிருக்கிறான். அது தாமதமாகத் திரும்பியது. கார் ஓரத்து இளநீர் வண்டியில் மோதி, முன்சக்கரம் சிமெண்ட் விளிம்பில் ஏறியது. அந்த அடியில் ஸ்டீயரிங் பின்னோக்கிச் சுழன்று அவன் வலது மணிக்கட்டை முறித்தது. இளநீர்க்காரப் பெரியவருக்கு முழங்காலில் காயம். வைத்தியச் செலவும் வண்டிக்கான பணமும் கொடுத்தேன். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் மாமியார் அழுதுகொண்டே, “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டார். நான் சொன்னேன்: “சின்னப் பையன், பயந்துட்டான். ஸ்டீயரிங்கை விட்டுட்டான்.”

கையில் கட்டோடு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். மறுத்துப் பேசவில்லை. அக்கா வீட்டுக்காரனை எல்லோர் முன்னாலும் பொய்யனாக்கக் கூடாது என்று இருந்திருப்பான். நான் அந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவன் லைசென்ஸ் எடுக்கவே இல்லை. அவன் கல்யாணத்தில் யாரோ அந்தப் பழைய கதையை எடுத்து, மாப்பிள்ளை காரை மட்டும் இவன் கையில் கொடுக்காதீர்கள் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்தப் பொய்யை என்னால் சுமக்க முடியாமல் ஆக்கியவர்கள் மாமல்லபுரத்துக்கு வந்த ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி. தங்கள் ஊரில் மோட்டார்ஹோமில் சுற்றுகிறவர்கள். நம் சினிமாக்காரர்களின் கேரவன் போல, படுக்கையும் அடுப்பும் உள்ள பெரிய வண்டி. அதன் பின்னால் சின்னக் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போவார்களாம். கப்பலோடு போகும் சின்னப் படகைப்போல, அந்தக் காரை ‘டிங்கி’ என்பார்களாம். கயிறு இல்லை, இரும்புச் சட்டம். காருக்குத் தனியாக பிரேக் போடும் கருவி. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள கார் என்றால் இன்னும் கவனம். கம்பெனி கையேடு அப்படி இழுக்கலாம் என்று சொன்னால்தான் இழுப்பார்கள். சாவி எந்த நிலையில் இருக்க வேண்டும், பேட்டரி வடியாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அதில் படித்துவிட்டுத்தான் சக்கரம் உருளும்.

“அந்தக் காரில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?” என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்கள்.

ஆளில்லாத காருக்கு அத்தனை யோசனை. நான் ஒரு பிள்ளையை உட்கார வைத்தேன். அன்று கடைசி வரை பின்கண்ணாடியைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. எங்கள் குப்பத்துப் பெரியவர் ஒருவர், இன்ஜின் நின்ற படகை இழுத்து வரும்போது ஒரு ஆள் பின்னாலேயே பார்த்தபடி இருக்க வேண்டும் என்பார். இழுக்கிறவனுக்குக் கயிற்றின் கனம் மட்டும்தான் தெரியும், அந்தப் படகில் என்ன நடக்கிறதென்று தெரியாது என்பார். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. என் காதில் அது ஏறவில்லை.

போன மாதம் மாமியார் வீட்டில், எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். அவன் ஸ்டீயரிங்கை விடவில்லை, கடைசி வரை பிடித்திருந்ததால்தான் கை ஒடிந்தது என்றேன். அவன் முன்னாடியே சொன்னான், நான் கேட்கவில்லை என்றேன். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

அவன்தான் என்னை வாசல் வரை கூட்டி வந்தான். “பிரேக் புடிக்காதப்ப ஆரனை அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன் மாமா. சத்தம் வரல” என்றான். அதைப் பதினோரு வருடத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

என் வேனில் இப்போது ஜம்பர் கேபிள் இருக்கிறது. கயிறு இல்லை. எல்எல்ஆர் போட வா, நானே கூட வருகிறேன் என்று அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. அவசரப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை.