லேக் கார்டன்ஸில் ஒரு ‘தி’

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் வாடகை அறை ஒன்றில் தங்கி ஆய்வு செய்துவந்த தமிழ் மாணவி ஒருவர், தம் முதல் ஆங்கிலக் கட்டுரையை முடித்திருந்தார். லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி பற்றியது அது. மொழிநடையைச் செப்பம் செய்தவர் பக்கந்தோறும் ‘தி’ சேர்த்திருந்தார். மாணவிக்கு வெட்கமாக இருந்தது. மொழியியல் படித்தும் ஆர்ட்டிகிள் கைவரவில்லையே என்று எண்ணியவாறே எல்லாத் திருத்தங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டார்.

அச்சுக்குப் போகுமுன், தமக்குத் தகவல் தந்த மாமி ஒருவரிடம் கட்டுரையைக் காட்டினார். ஓய்வுபெற்ற ஆசிரியையான மாமி சுருக்கத்தின் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ‘லேக் பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் தமிழைக் காத்து வருகின்றன’ என்பது அவ்வரியின் பொருள். குடும்பங்களுக்கு முன் ஒரு ‘தி’ நின்றது.

“எங்காத்துல பேரன் பேத்தி பேசறது பெங்காலிதான். அப்போ நாங்க தமிழ்க் குடும்பம் இல்லையாம்மா?”

மாணவியிடம் விடை இல்லை.

முதல்முறை சொன்னால் ‘எ’, மறுமுறை சொன்னால் ‘தி’ என்பது பள்ளிப் பாடம். அது தவறன்று, போதாது. 1905இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், ஒருமைப் பெயரோடு வரும் ‘தி’ இரண்டு செய்திகளை உறுதிகூறுகிறது என்று காட்டினார்: அப்படி ஒன்று உண்டு, ஒன்றுதான் உண்டு. 1939இல் பால் கிறிஸ்டோஃபர்சன், கேட்பவருக்கு அது முன்பே அறிமுகமானது என்னும் குறிப்பே ‘தி’யின் உயிர் என்றார். 1980இல் ரிச்சர்ட் ஷார்வி ரஸ்ஸலின் கருத்தைப் பன்மைக்கும் விரித்தார்: பன்மைப் பெயரோடு ‘தி’ வந்தால், அங்குள்ள அனைத்தும் அதில் அடங்கும். மாமியைத் தைத்தது இந்த ‘அனைத்தும்’தான். அக்குடும்பம் ஒன்று தமிழைக் காக்க வேண்டும், அல்லது தமிழ்க் குடும்பமாக இல்லாதிருக்க வேண்டும். மூன்றாம் வழியை அந்த வாக்கியம் விட்டுவைக்கவில்லை.

தமிழில் ‘தமிழ்க் குடும்பங்கள்’ என்றால் அது எல்லாக் குடும்பங்களாகவும் இருக்கலாம், சிலவாகவும் இருக்கலாம், சூழல் தீர்மானிக்கும். இதனால் தமிழுக்கு இவ்வேறுபாடு தெரியாது என்பதில்லை. ‘சாவி வாங்கினேன்’ என்பதில் ஏதோ ஒரு சாவி. ‘சாவியை வாங்கினேன்’ என்பதில் பெரும்பாலும் பேசுவோர் இருவரும் அறிந்த சாவி. ‘மேசைமேல் சாவி இருக்கிறது’ என்பது புதுச் செய்தி. ‘சாவி மேசைமேல் இருக்கிறது’ என்பது தேடியவருக்கான விடை. இங்கே உருபு செய்ததை அங்கே சொல்வரிசை செய்கிறது. ஆயினும் ஐயுருபு முழு ஆர்ட்டிகிள் ஆகாது. உயர்திணைச் செயப்படுபொருளுக்கு அது பொதுவாக வந்தே தீரும். ‘ஒரு சாவியை’ என்றும் சொல்ல முடியும்.

வீட்டு உரிமையாளரின் வங்காளத்திலோ இது நாள்தோறும் காதில் விழும். ‘ஏக்டா சாபி’ என்றால் ஏதோ ஒரு சாவி; ‘சாபிட்டா’ என்றால் அந்தச் சாவி. ‘துடோ சாபி’ என்றால் இரண்டு சாவிகள். ‘சாபி துடோ’ என்றால் நாம் அறிந்த அந்த இரண்டு. சாவி, சாபி இரண்டும் போர்த்துகீசியரிடமிருந்து வந்த ஒரே சொல்தான். ஆனால் அதை ‘அறிந்த சாவி’ ஆக்கும் வழியை ஒவ்வொரு மொழியும் தன்னுடையதாக வைத்திருக்கிறது.

பகுதியின் பெயரே இதற்கு இன்னொரு சான்று. குளங்களுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ‘லேக்’ என்றால் தென் கொல்கத்தாக்காரருக்கு ஒன்றுதான்: 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய தாக்குரியா ஏரி. 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறியும், லேக் கார்டன்ஸ், லேக் மார்க்கெட், லேக் ரோடு ஆகியவை பெயரை விடவில்லை. எந்த ஏரி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எழுதப்படாத ‘தி’ ஒன்று அப்பெயர்களில் இருக்கிறது. அதை இட்டது இலக்கணம் அன்று, அங்கே வாழ்ந்தவர்களின் பொது நினைவு.

மாணவியின் ‘தி’க்குப் பின்னால் அத்தகைய பொது அறிவு எதுவும் இல்லை. அவர் சந்தித்தவை சில குடும்பங்கள். அவற்றுள்ளும் மாமியின் வீடு வேறு கதை சொல்லியது. திருத்தியவர்மீது பிழையில்லை, அந்த வாக்கியம் இலக்கணப்படி சரி. எத்தனை வீடுகளின் கதவு தட்டப்பட்டது என்பதை அறிந்தவர் மாணவி மட்டுமே. ஏற்றுக்கொண்ட அந்தச் சொடுக்குதான் பிழை.

மறுநாள் அவர் ஒவ்வொரு ‘தி’யாகப் படித்தார். பல நின்றன, சில போயின. முதல் வரி ‘நேர்காணலுக்கு இசைந்த குடும்பங்களுள் பெரும்பாலானவை’ என்று மாறியது. வங்காளம் பேசும் தமிழ்க் குடும்பங்களுக்கென ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தது. முடிவு முன்னைவிடச் சிறியதாயிற்று. மாமியின் வீட்டுக்கும் அதில் இடம் இருந்தது.