அய்யனார் குதிரைக்கு எந்த வர்ணம்?

பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் அய்யனார் குதிரைக்கு வர்ணம் பூசுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் சாரத்தில் நின்றவர்கள் கையில் பிரஷ் இல்லை, பட்டித் தகடு இருந்தது. சுரண்டச் சுரண்ட, குதிரையின் விலாவிலிருந்து நீல எனாமல் அப்பளம் போல உரிந்து விழுந்தது.

"பன்னெண்டு வருசம் தாங்கும்னு அடிச்சது சார். மூணு மழைக்கே பல்ல இளிச்சிடுச்சு" என்றார் மேஸ்திரி.

சுதையில் இருப்பது சுண்ணாம்பு. இப்போது சிமெண்டும் சேர்ந்துவிட்டது. இரண்டுமே காரம். எனாமலோ எண்ணெய் கலந்த வர்ணம். ஈரம் பட்டால் அந்தக் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், பிடிமானம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் ஈரத்துக்கா பஞ்சம்? பீடத்தின் வழியே ஏறும் ஈரத்தை எனாமல் வெளியே விடாது. கடைசியில் அதுவே கொப்புளித்துப் பெயரும். அதனால் இந்த முறை அக்ரிலிக். அதன் பிசின் காரத்தைத் தாங்கும், ஈரத்தையும் ஆவியாக வெளியே விடும்.

பழைய எனாமலைச் சுரண்டாமல் அதன் மேலேயே அக்ரிலிக் அடித்தால் என்ன என்று கேட்டேன். "நிக்காது சார். அக்ரிலிக் மேல எனாமல் நிக்கும், எனாமல் மேல அக்ரிலிக் நிக்காது." ஓவியக் கல்லூரியில் கித்தானை வைத்துச் சொல்லித்தரும் அதே விதி.

அந்த விதியை நம்பித்தான் கண்ணை மட்டும் அவர் எனாமலுக்கு விட்டிருக்கிறார். உடம்பு முழுக்க அக்ரிலிக் வெள்ளை. விழியில் பழுப்பு வளையம், நடுவில் கறுப்பு, ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. இவை எனாமல். பளபளப்பு இல்லாவிட்டால் குதிரை தூங்குகிற மாதிரி இருக்கும் என்கிறார். சரிதான்.

கித்தானில் கதை வேறு. கும்பகோணத்தில் ஒரு ஓவியர் எண்ணெய் வர்ணத்தை விடவே மாட்டேன் என்கிறார். அவர் வரைவது உம்பளாச்சேரி மாடு. நாகை, திருவாரூர் சேற்று வயலுக்கென்றே வாய்த்த இனம். கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பலாக மாறும். நெற்றியிலும் காலிலும் வெள்ளை. எருதுகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருப்பதால், மாட்டுப் பொங்கல் எனாமலிலிருந்து அவை தப்பிவிட்டன! அந்தச் சாம்பல் எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஈர வர்ணத்தின் மேல் காய்ந்த பிரஷால் மெல்ல இழுத்து இரண்டையும் கலக்கிறார். எண்ணெய் வர்ணம் காய நாள்கணக்காகும், அதனால் நாளைக்கும் அதே இடத்தில் வேலை செய்யலாம். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். எண்ணெய் வர்ணத்திலும் ஒரு குறை: அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காலப்போக்கில் மஞ்சள் தட்டும். நெற்றிச் சுட்டியின் வெள்ளை இன்னும் முப்பது வருடத்தில் இதே வெள்ளையாக இருக்காது.

தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணனோடு நிற்கும் பசுவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 2007-08இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலையில் முன்பு பிசினில் குழைத்த வர்ணம், இப்போது பல பட்டறைகளில் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ. அந்தப் பசுவுக்கு ரோமமே கிடையாது. நிறத்தை நிரப்பிக் கோடு இழுப்பதுதான் வேலை என்பதால் சீக்கிரம் காய்வது அங்கே வசதி.

ஆகவே கித்தானில் மாடு வரைகிறவர்கள் எண்ணெய் வர்ணத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். கோயில் கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். சுதைக் குதிரையின் உடம்புக்கு எனாமல் வேண்டாம். பழையதை முழுக்கச் சுரண்டுங்கள். புதுப் பூச்சு இருந்தால் குறைந்தது 28 நாள் காயவிடுங்கள். வேலையை ஐப்பசிக்கு முன்னால் அவசரப்பட்டு முடிக்காமல், தை அறுவடை தாண்டி வையுங்கள்.